பஞ்சில் வந்த பீடி வாசனை

அத்தியாயம் 4

“ஒருத்தர் வயித்துக்குள்ள போன மாத்திரை நிஜமா டம்மியான்னு, பத்தடி தள்ளி நின்னு அவர் மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவேன். ஊசி வேணாம், ரத்தம் வேணாம், எக்ஸ்ரே வேணாம்” என்றாள் சந்திரகலா.

ஆசீர்வாதம் குடித்துக்கொண்டிருந்த டீ வழி தவறி மூக்குக்குப் போய்விட்டது. அவன் பொய் கேட்டே வளர்ந்தவன். உருக்காலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் ஃபோர்மேன்கள் அவிழ்த்துவிட்ட புளுகுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆலையின் புகைபோக்கியைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும். அந்த அனுபவசாலிக்கே இது தொண்டையில் இறங்கவில்லை.

“மேடம், உங்க டீயில சக்கரதான் போட்டானா, இல்ல வேற எதுனா போட்டானா?”

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில், பேக்கரி மாடியில் இருந்தது அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். வெளியே ஐப்பசி மழை. லாரிகள் ஓடுவதை விட்டுவிட்டு நீந்தத் தொடங்கியிருந்தன. இந்த மழையிலும் ஒருத்தி படியேறி வந்து, நனைந்த துப்பட்டாவைப் பிழியக்கூடத் தோன்றாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். பெயர் சிஃபா. பழவேற்காட்டு இறால் வியாபாரி அப்துல் கனியின் ஒரே மகள்.

“அவன் கெடக்கறான், நீ சொல்லும்மா. முதல்லேர்ந்து” என்றாள் சந்திரகலா.

“எங்க வாப்பாவுக்குக் கணையத்துல புத்து, ஆன்ட்டி. திருவள்ளூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில பாக்கறோம். வாரத்துக்கு ஒரு தடவை ஊசி ஏத்துவாங்க. அதோட தினம் ஒரு புது மாத்திரை. அது ஆராய்ச்சி மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எதுன்னு எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. குப்பி மேல நம்பர் மட்டும்தான் இருக்கும்.”

“லாட்டரி சீட்டு மாதிரி” என்றான் ஆசீர்வாதம்.

“ஆமாண்ணே. வாப்பாவுக்குப் பரிசு விழுந்துச்சுன்னுதான் நெனச்சோம். மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மூஞ்சி பூரா பரு. இந்த வயசுல காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டார். காயத்ரி டாக்டர் பாத்துட்டு, ‘இந்த மருந்துக்குப் பரு வந்தா நல்ல சேதி’ன்னாங்க. ஊடே சந்தோஷமா இருந்துச்சு. இப்ப ஒரு மாசமா பரு மறைஞ்சுக்கினே வருது. மாத்திரைய எண்ணிப் பாத்தா சரியா இருக்கு. தினமும் என் கண்ணு முன்னாடிதான் முழுங்கறார்.” அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “யாரோ நிஜத்தை எடுத்துட்டு டம்மிய வெச்சிட்டாங்க ஆன்ட்டி. திங்கக்கிழமை ஸ்கேன். அதுக்குள்ள அந்த மாத்திரை திரும்ப வரணும்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சந்திரகலா மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவள். மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதைக் கடைசி வரி வரை வாசித்த ஒரே ஜீவன் இந்தியாவிலேயே அவள்தான். மற்றவர்கள் அதைச் சுருட்டிக் காது குடைவதோடு சரி. அவள் மாத்திரையைத் தொடவே இல்லை. மூடியைத் திறந்து, வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து முகர்ந்தாள். கண்ணை மூடினாள். மறுபடி முகர்ந்தாள்.

“உங்க வாப்பா பீடி குடிப்பாரா?”

“அல்லா! வெத்தலைகூடப் போட மாட்டார்.”

“இறால் வியாபாரி ஊட்டுல இருக்கற குப்பியில கருவாட்டு வாசனை வரலாம். பீடி வாசனை எப்படி வரும்?” அவள் பஞ்சை ஆசீர்வாதத்தின் மூக்கருகே நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். சந்தேகமே இல்லை, பீடிதான். அதுவும் வெகுகாலம் ஒரே சட்டைப்பையில் பீடிக் கட்டோடு குடித்தனம் நடத்திய பஞ்சு.

“சரி, எவனோ பீடிக்காரன் திருடிட்டான். கும்மிடிப்பூண்டியில பீடி குடிக்காதவன எண்றது சுலபம்” என்றான்.

“யோசி ஆசீர். திருடிப் போனா சரி. அதே எண்ணிக்கைக்கு டம்மிய வெச்சிட்டுப் போயிருக்கானே, அந்த டம்மி அவனுக்கு எங்கேர்ந்து வந்துது? கடையில விக்காது. இதே ஆராய்ச்சியில இருக்கற இன்னொரு நோயாளிகிட்டதான் இருக்கும். சிஃபா, ஊசி ஏத்தும்போது வாப்பா பக்கத்துல யாரு உக்காருவாங்க?”

“குப்புராஜ் மாமா. திருப்பாச்சூர்ல நெல்லு போடறவர். அவருக்கும் இதே நோவு, இதே மாத்திரை. சிரிக்க வெச்சே கொன்னுடுவார் ஆன்ட்டி. போன மாசம் வரைக்கும் அவர் சட்டைப்பையில எப்பவும் பீடிக் கட்டு…” சிஃபா நிறுத்தினாள். “ஆனா அவர் இந்த வாரம் ஊசிக்கே வரல. அவங்க ஊட்டுல அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.”

அம்மா வந்திருக்கிறாள் என்றால் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாதவர்கள் திருவள்ளூர் ஜில்லாவில் பிறந்திருக்க முடியாது. சந்திரகலா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பயந்து பின்னால் போய் விழுந்தது.

“வெயில்ல வர்ற அம்மை ஐப்பசி மழையிலயா? வண்டிய எடு ஆசீர்!”

*

ஆசீர்வாதத்தின் ஆம்னி வேனுக்கு பிரேக்கைத் தவிர எல்லாம் பிடிக்கும். பெரியபாளையம் தாண்டும் வரை அது மூன்று குளம், ஒரு ஏரி, அரை வங்காள விரிகுடா ஆகியவற்றைக் கடந்தது. முன் சீட்டில் சந்திரகலா, பின் சீட்டில் சிஃபா.

“மேடம், புத்துநோய்க்கு மாத்திரை சாப்ட்டா மூக்குல ஏன் பரு வருது? நோவு ஒரு எடம், பரு ஒரு எடம். கரண்ட் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தா தண்ணி லாரி வர்ற மாதிரி இருக்கே?”

“ஒவ்வொரு செல்லு வாசல்லயும் ஒரு காலிங் பெல் இருக்குடா. பெல் அடிச்சா ‘வளரு, ரெண்டாப் பிரி’ன்னு உள்ள சேதி போவும். நல்ல செல்லு தேவைக்குத்தான் கேக்கும். புத்துநோய் செல்லுல பெல் ஓயாம அடிச்சிக்கினே இருக்கும். அது பாட்டுக்குப் பெருகும். இந்த மாத்திரை உள்ள போய் அந்த பெல்லோட ஒயரைப் புடிச்சிக்கும். சத்தம் அடங்கும்.”

“அது சரி. மூக்கு?”

“அதே பெல்லு தோலு செல்லுக்கும் இருக்கு. மாத்திரைக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியுமா? அங்கயும் போய் ஒயரைப் புடிக்கும். தோலு கோவிச்சிக்கினு பொரிஞ்சிடும். பரு தெரியுதுன்னா உள்ள மாத்திரை வேலை பாக்குதுன்னு அர்த்தம்.”

பின்னாலிருந்து சிஃபா மெல்லக் கேட்டாள்: “அப்ப சரியாப் போயிடுமா ஆன்ட்டி?”

சந்திரகலா சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் சொல்ல மாட்டாள் என்பது ஆசீர்வாதத்துக்குத் தெரியும்.

“கணையத்துல வர்றதுக்கு பெல் மட்டும் இல்லம்மா, ஊட்டுக்குள்ள இன்னொரு சுவிட்சும் ஒட்டிக்கினு கெடக்கும். அதைப் புடிக்கிற மருந்து நம்ம கைக்கு இன்னும் வரல. இது நோயை ஓட்டிவிடற மருந்து இல்ல. நாள் வாங்கித் தர்ற மருந்து. ஆனா அந்த நாள் உங்க வாப்பாவோடது. அதை எவனும் எடுக்கக் கூடாது.”

வேன் இன்னொரு குளத்தில் இறங்கி ஏறியது. ஆசீர்வாதத்துக்கு சோகம் ஒத்துக்கொள்ளாது. வைப்பர் ஓடாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மேடம், என் மூக்கு நுனியில கூட ஒண்ணு வந்திருக்கு. நான்தான் திருடனா?” என்றான்.

“அது நேத்து தின்ன பன்னிக் கறி.”

“பாத்தியாம்மா? பரலோகத்துல கூட இவ்ளோ கரெக்டா கணக்கு பாக்க மாட்டாங்க.”

சிஃபா மழையோடு மழையாகச் சிரித்தாள்.

*

திருப்பாச்சூரில் குப்புராஜ் வீட்டு வாசலில் வேப்பிலை சும்மா செருகியிருக்கவில்லை. ஒரு முழு மரம் நடந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து ஓய்வெடுப்பதுபோல் இருந்தது. அதன் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குப்புராஜின் மனைவி செல்வி நின்றாள்.

“எங்க வர்றீங்க? அங்கியே நில்லுங்க! அம்மா இருக்கற ஊடு. பழக்கமில்லாதவங்க படியேறக் கூடாது.”

“ஏறல செல்வியம்மா. இங்கேர்ந்தே பாத்துட்டுப் போயிடறோம்” என்றாள் சந்திரகலா பவ்யமாக.

வாசலுக்கும் உள்ளே போட்டிருந்த பாய்க்கும் நடுவே சரியாகப் பத்தடிதான் இருக்கும். மேடம் சொன்ன தூரத்தை அம்மனே அளந்து வைத்திருக்கிறாளே என்று ஆசீர்வாதம் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான். எட்டிப் பார்த்தான். வேப்பிலை பரப்பிய பாயில் குப்புராஜ் படுத்திருந்தார். முகத்தில் ஜவ்வரிசி வடாம் காயப்போட்டதுபோல் பொரிப்பொரியாகப் பரு. பக்கத்தில் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் சம்மணம் போட்டு, வேப்பங்கொத்தால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். நடுநடுவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

“வாப்பா!” என்று அலறினாள் சிஃபா. “இறால் ஏலத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க இன்னா பண்றீங்க?”

அப்துல் கனியின் கையிலிருந்த வேப்பங்கொத்து நழுவி நோயாளியின் வாய்மேல் விழுந்தது.

“தினம் வர்றாரும்மா பாயி” என்றாள் செல்வி. “எளனி எடுத்துக்கினு வருவாரு. மூணு நாளா ‘மாத்திரைய நிறுத்தாத, நிறுத்தாத’ன்னு ஒரே புலம்பல். அம்மா வந்திருக்கும்போது இங்கிலீஷ் மருந்து குடுத்தா ஊடு உருப்படுமா? நான் குடுக்கல.”

“கனி பாய்” என்றாள் சந்திரகலா, வாசலில் நின்றபடியே. “இது அம்மை இல்லன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு வந்த அதே பரு. அதைச் சொன்னா, உங்க மாத்திரை இவர் வயித்துக்கு எப்படி வந்துதுன்னும் சொல்லணும். அதான் சொல்லாம விசிறிக்கினு இருக்கீங்க. யாரும் உங்ககிட்ட திருடல. நீங்களேதான் மாத்தி வெச்சீங்க.”

 குப்புராஜ் வாயிலிருந்த இலையைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாது? பாய், இந்தம்மா சொல்றது நெஜமா?”

கனி கண்ணாடியைத் துடைத்தார். “போன மாசம். ஊசி ஏறும்போது நீ தூங்கிட்ட. உன் பையிலேர்ந்து குப்பிய எடுத்து, உன்னுத என்னுதுல கொட்டி, என்னுத உன்னுதுல கொட்டினேன். பஞ்சு மாறிப் போச்சு போல.”

“ஏன்யா?”

“டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்து ‘பரு வந்திருக்கு, சந்தோஷம்’னாங்க. உன் மூஞ்சிய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாங்க. உன் மூஞ்சி உரிச்ச நுங்கு மாதிரி இருந்துது குப்பு. உனக்கு டம்மிதான் விழுந்திருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. நீ போயிட்டா அந்த நாற்காலியில எவனாவது உம்மணாமூஞ்சி வந்து உக்காருவான். அவன் பக்கத்துல உக்காந்துக்கினு நான் ஊசி ஏத்திக்கணுமா?”

“அதுக்காக உன் உசுரத் தூக்கி என் சட்டைப்பையில போடுவியா? யோவ், நான் தமாசுக்காரன்தான்யா, இவ்ளோ பெரிய தமாசு எனக்கே தாங்காது!” குப்புராஜ் சிரிக்கத்தான் முயன்றார். முகம் வேறு பக்கம் போயிற்று.

“எங்கள நெனச்சீங்களா வாப்பா?” என்றாள் சிஃபா. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நானும் உம்மாவும் தினம் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து எண்ணிக்கினு இருந்தோம். ஒரு பரு கொறைஞ்சாலும் உம்மா சோறு திங்கல.”

கனி மகளை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தார்.  மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆசீர்வாதம் எல்லாப் பைகளிலும் தேடிப் பார்த்தான். ஜோக் எதுவும் கைவசம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சந்திரகலா சிரிக்கத் தொடங்கினாள். வாசல்காலைப் பிடித்துக்கொண்டு, வேப்பிலை உதிரும்படி சிரித்தாள்.

“மேடம்! சாவு ஊட்ல கூட இப்டி சிரிக்க மாட்டாங்க!”

“பாய், கண்ணாடிய ஏன் தொடச்சிக்கினே இருக்கீங்க?”

“உள்பக்கம் கோடு கோடா விழுதும்மா. இமை முடி வந்து இடிக்குது. கொஞ்ச நாளா காடு மாதிரி வளருது. கத்திரியால வெட்டிக்கூடப் பாத்தேன்.”

எல்லாரும் அவர் கண்ணைப் பார்த்தார்கள். பழவேற்காட்டு இறால் வியாபாரியின் முகத்தில், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் புறப்பட்ட பெண்ணுக்கு ஒட்டிவிட்டதுபோல இமை முடிகள் நீண்டு சுருண்டு மேலே நின்றன.

“இந்த மருந்து பருவைக் குடுக்கும். கொஞ்ச நாள் போனா பரு தன்னால அடங்கும். அதுக்கப்புறம் இமை முடிய வளத்துவிடும்” என்றாள் சந்திரகலா. “இதெல்லாம் அந்தத் தாள்ல பொடி எழுத்துல போட்டிருக்கு. ஒரு மாசமா இவர் சாப்டறது குப்புராஜண்ணனோட மாத்திரை. அது டம்மியா இருந்தா இந்த முடி ஏன் வளருது?”

சிஃபா எழுந்து நின்றாள்.

“ரெண்டு குப்பியிலயும் இருந்தது நிஜம். நீங்க மாத்தினது நிஜத்தை நிஜத்தோட.”

“அப்ப எனக்கு ஏன் பரு வரல?” என்றார் குப்புராஜ், தன் அம்மையையே தொட்டுப் பார்த்துக்கொண்டு.

“பீடி. புகை உள்ள போனா கல்லீரல் ஓவர்டைம் பாக்கும். வந்ததெல்லாம் கழுவி வெளியில தள்ளும். பீடியோட சேத்து மாத்திரையையும் தள்ளிடுச்சு. எப்ப விட்டீங்க?”

“இந்த பாய்தான் போன மாசம் சத்தியம் வாங்கிட்டான். ‘பீடி புடிச்சா பேச மாட்டேன்’னு. பேச்சுத் தொணைக்கு ஆள் வேணுமேன்னு விட்டேன்.”

“அந்த சத்தியம்தான் உங்களுக்கு மருந்து. மாத்தி வெச்ச மாத்திரை இல்ல.”

“கதை நல்லா இருக்கு மேடம்” என்றான் ஆசீர்வாதம். “ஆனா இமைய வெச்சி வயித்தப் படிக்கறதெல்லாம் கிளி ஜோசியக்காரன்கூட நம்ப மாட்டான். குப்பி நம்பருக்கு உள்ள இன்னா இருக்குன்னு கம்பெனிக்காரன் சொல்லட்டும்.”

“சொல்லட்டும். நீயே கேளு. போன் உன் கையிலயே இருக்கட்டும்.”

திருப்பாச்சூரில் ஆசீர்வாதத்தின் செல்போனுக்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம் பம்ப்செட் தண்ணீர்த் தொட்டியின் கட்டைச் சுவர். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், காலடியில் பாசி என்று அதன்மேல் ஏறி நின்றான். டாக்டர் காயத்ரி முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் திட்டிய திட்டு, போனிலிருந்து கிளம்பி மழையைக் கிழித்துக்கொண்டு வாசல் வரை கேட்டது. மாத்திரையை மாற்றிக்கொள்வது விளையாட்டா? யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இனி ஒரு நாள்கூட விட முடியாது. குப்பி எண்களின் ரகசியத்தை உடனே திறக்கச் சொல்கிறேன், அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அங்கேயே இருந்தான். கீழே நாலு குடைகள் கூடின. ஐந்தாவதாகத் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு செல்வி வந்தாள்.

“இந்தாம்மா துப்பறியற அம்மா, அப்ப இது அம்மா இல்லையா?”

“தெரியல செல்வியம்மா. நான் மாத்திரைக்குத்தான் ஜவாப்தாரி.”

செல்வி யோசித்தாள். “வேப்பில அது பாட்டுக்கு இருக்கட்டும். மாத்திரை அது பாட்டுக்கு உள்ள போவட்டும். டாக்டர் சரின்னா இன்னிக்கே குடுக்கறேன்.”

போன் அடித்தது. ஆசீர்வாதம் காதில் வைத்தான். கேட்டான். கண்கள் விரிந்தன. குடை கைநழுவிப் பறந்து, பக்கத்து வயலில் கொக்கைப் போல இறங்கியது. அவன் கவனிக்கவில்லை.

“இன்னா சொன்னாங்க அண்ணே?” சிஃபா கத்தினாள்.

“பேர ஆராய்ச்சிக் கணக்குலேர்ந்து எடுத்துருவாங்களாம்…”

அவள் கை தானாக வாப்பாவின் சட்டையைப் பற்றியது.

“…ஆனா மாத்திரைய நிறுத்தலியாம்! ரெண்டு பேரும் தொடர்ந்து சாப்டணுமாம், அவங்கவங்க குப்பியிலேர்ந்து! திங்கக்கிழமை ரெண்டு பேருக்கும் ஸ்கேனாம்! பக்கத்துப் பக்கத்துல படுக்க வெச்சா மறுபடி மாத்திக்குவாங்கன்னு தனித்தனி ரூமாம்!”

“குப்பியில இன்னாடா இருந்துது? அதச் சொல்லு!” என்றார் குப்புராஜ்.

ஆசீர்வாதம் கீழே சந்திரகலாவைப் பார்த்தான். அவள் மழையை ரசிப்பதுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கனி பாயின் இமையில் தண்ணீர் தங்கி நின்றது. மழையா, வேறா என்று சொல்ல முடியவில்லை. குப்புராஜ் அவர் தோளை இடித்து, “பொம்பள கண்ணுயா உனக்கு” என்றார். இரண்டு கிழவர்களும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் சிரித்தார்கள்.

ஆசீர்வாதம் தொண்டையைச் செருமினான். ஊர் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான்:

“ரெண்டும் நிஜம்! பத்தடி தள்ளி நின்னாங்க, மூஞ்சியப் பாத்தாங்க, சொன்னாங்க. நடந்துடுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் மேடம், நடந்துடுச்சு!”